சின்னப் பிள்ளைக்கு டைப்பிங் பழக்க கிளாஸ் வேண்டாம், வீட்டில் பத்து நிமிடம் போதும்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும்போது மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பெற்றோர் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "பிள்ளைக்கு டைப்பிங் பழக்க எந்தக் கிளாசில சேர்க்கலாம்?" என்பது. பிள்ளை தரம் 2 அல்லது 3 படிக்கும். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம், மாதக் கட்டணம், முடிவில் ஒரு சான்றிதழ் என்று ஏதாவது ஒரு வகுப்பு பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. நான் சொல்வது எதிலும் சேர்க்க வேண்டாம், வீட்டிலேயே பழக்குங்கள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்பதுதான். உடனே காசை மிச்சம் பிடிக்கச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். காசும் மிச்சம்தான், ஆனால் காரணம் விரல்கள் பழகும் விதத்தில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை நீளமாக நடக்கிற வகுப்பு அதற்குப் பொருந்தாது.

முதலில் இந்த வயதில் இது தேவையா என்று பார்ப்போம். நமது பாடத்திட்டத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தரம் 6-இல்தான் ஒரு பாடமாக வருகிறது. அதற்கு முன்னமே பிள்ளை போனில் இரண்டு பெருவிரலாலும் வேகமாக எழுதப் பழகிவிடும். பிறகு ஒருநாள் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இரண்டு ஆட்காட்டி விரலால் தேடித்தேடிக் குத்தும், அதையே தனது முறையாக்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் இறுகிய பிறகு பத்து விரலுக்கு மாறுவது புதிதாகப் பழகுவதைவிடக் கஷ்டம், ஏனென்றால் மாறும் காலத்தில் வேகம் குறையும், குறைந்த வேகத்தை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் ஒப்படையைப் போட்டோகொப்பிக் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து டைப் பண்ணுவிக்கிற வீடுகள் எத்தனை! அந்தப் பிள்ளைகளில் பலருக்கும் வீட்டில் லப்டொப் இருக்கும். எழுத விஷயமும் இருக்கும், விரல்தான் வராது.

"இப்ப குரலில சொன்னா அதுவே எழுதுதே" என்று ஒரு வாதம் உண்டு. எழுதும்தான். ஆனால் நாம் பேசுகிற தமிழ் ஒன்று, கட்டுரையில் எழுதுகிற தமிழ் இன்னொன்று. "மறுகா வாறன்" என்று சொல்லிவிட்டு அதை எழுத்துத் தமிழாக மாற்ற மறுபடியும் கீபோர்டுக்குத்தான் வர வேண்டும். அதுவும் மூன்று பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சி, ஓடுகிற மின்விசிறி எல்லாம் உள்ள ஒரு அறையில் குரலை நம்பிக் கட்டுரை எழுதுவது லேசான காரியம் இல்லை.

பார்க்காமல் டைப் பண்ணுகிற முறை ஒன்றும் புதிதல்ல. இன்று நாம் பாவிக்கிற ஆங்கில எழுத்து வரிசை, அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் முன்னின்று உருவாக்கி, ரெமிங்டன் கம்பனி 1870களில் விற்கத் தொடங்கிய மெஷினிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் அதை எல்லாரும் பார்த்துப் பார்த்தே அடித்தார்கள். 1888-இல் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. பிராங்க் மெக்கரின் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் விசைகளைப் பார்க்காமலே எல்லா விரலாலும் அடித்து, அப்போது பேர்பெற்றிருந்த லூயிஸ் டிராப் என்பவரை வென்றார். அதற்குப் பிறகுதான் இந்த முறை பரவியது. நம் ஊரில் ஓ/எல் முடித்துவிட்டு டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பழகி, அரசாங்கக் கச்சேரியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எழுதுவினைஞர் வேலைக்குப் பார்த்திருந்த ஒரு தலைமுறை இருந்தது. அவர்களும் "ஏ எஸ் டி எஃப்" என்று அதே பாடத்தைத்தான் அடித்துப் பழகினார்கள். வீட்டில் அப்படி ஒரு அம்மப்பாவோ பெரியம்மாவோ இருந்தால் உங்களுக்கு வாத்தியார் கிடைத்துவிட்டார், வேறு எங்கும் போக வேண்டாம்.

எந்தக் கை வேலையைப் பழகும்போதும் மூன்று கட்டங்கள் வரும் என்று பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967-இல் எழுதினார்கள். முதலில் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்வோம். பிறகு யோசனை குறைந்து கை கொஞ்சம் தானாக ஓடத் தொடங்கும். கடைசியில் கை என்ன செய்கிறது என்பதே நினைவில் இருக்காது. மருதமுனையில் கைத்தறியில் நெய்கிறவர் மிதியைக் குனிந்து பார்ப்பதில்லை, கண் முழுக்கத் துணியிலும் நூலிலும்தான் இருக்கும், கால் தன்பாட்டில் மிதிக்கும். டைப்பிங்கில் வந்து சேர வேண்டிய இடமும் அதுதான். கண் எழுதுகிற வசனத்தில் இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் இருக்கிற பிள்ளையால் வசனத்தையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் யோசிக்க முடியாது. டைப் பண்ணும்போது கட்டுரை மொட்டையாக வருவதற்குப் பாதிக் காரணம் இது.

சரி, ஏன் பத்து நிமிடம்? இதற்குப் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டனின் தபால் திணைக்களம் கடிதங்களைத் தரம்பிரிக்க மெஷின்களைக் கொண்டுவந்தபோது, தபால்காரர்களுக்குக் கீபோர்ட் பழக்க வேண்டி வந்தது. அலன் பெட்லி, லோங்மன் என்ற இருவர் அவர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒரே தடவை, இன்னொன்றுக்கு ஒவ்வொரு மணித்தியாலமாக இரண்டு தடவை, இன்னொன்றுக்கு ஒரே இருப்பில் இரண்டு மணித்தியாலம், கடைசிக் குழுவுக்கு இரண்டிரண்டு மணித்தியாலமாக இரண்டு தடவை. முடிவை 1978-இல் வெளியிட்டார்கள். மொத்தம் எத்தனை மணித்தியாலம் பழகினார்கள் என்று கணக்குப் பார்த்தால், நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பழகியவர்கள்தான் மிகக் குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். நாலு மணித்தியாலம் குந்தியிருந்தவர்களுக்கு அதே திறமைக்கு அதிக மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாகப் பழகிய அந்த ஒரு மணித்தியாலக் குழுவுக்குத்தான் தங்கள் பயிற்சி முறையில் திருப்தி குறைவு. மற்றவர்களைப் பார்க்க நாள் கணக்கில் பின்தங்கியிருக்கிறோம் என்ற மனக்குறை அவர்களுக்கு.

அவர்கள் வளர்ந்த ஆட்கள், அவர்களுக்கு ஒரு மணித்தியாலம். ஏழு, எட்டு வயதுப் பிள்ளையின் கவனமும் விரலும் அவ்வளவு நேரம் தாங்காது, அதனால்தான் பத்து நிமிடம் என்கிறேன். பன்னிரண்டாக இருந்தாலும் எட்டாக இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நாளாந்தம் நடக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். திங்கட்கிழமை விரல் பிடித்துக்கொண்டதை இரவு தூங்கி எழும்பி செவ்வாய்க்கிழமை திரும்பத் தொட்டால்தான் அது ஊறும். அந்தத் தபால்காரர்களைப் போல உங்களுக்கும் முதல் சில வாரங்களில் "இது எங்கையும் போகுதில்ல" என்று தோன்றும், கிளாசுக்கு அனுப்பியிருக்கலாமோ என்றும் தோன்றும். அந்த எண்ணம் வரட்டும், போகட்டும், பயிற்சியை மாற்ற வேண்டாம்.

வயதைப் பற்றி எனது கருத்து இது. தரம் 1-இல் இருக்கும் பிள்ளைக்குப் பென்சில்தான் வேலை. எழுத்தின் வடிவம் கையில் ஏற வேண்டிய காலம் அது. கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் ஒரே குத்துதான் என்பதால் அனா எப்படிச் சுழிக்கிறது என்று விரலுக்குத் தெரியவராது. தமிழை ஓரளவு தட்டுத்தடுமாறாமல் வாசித்து எழுதத் தொடங்கிய பிறகு, பெரும்பாலும் தரம் 2-இன் கடைசியிலோ தரம் 3-இலோ ஆரம்பிக்கலாம். அதற்கு முதல் கேட்டு அழுதால் விளையாட விடுங்கள், பாடம் எடுக்காதீர்கள்.

கை சின்னது என்பதையும் மறக்கக்கூடாது. சாதாரணக் கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். அது பெரிய ஆட்களின் கைக்குப் போட்ட அளவு. சின்னப் பிள்ளைக்குச் சுண்டுவிரல் எட்டாது, எட்டினாலும் பலம் இருக்காது, மற்ற விரல்கள் அதோடு சேர்ந்து எழும்பும். அதற்காகக் கத்த வேண்டாம், சுண்டுவிரலுக்கு ஒரு வருடம் சலுகை கொடுக்கலாம். இருக்கையில் சலுகை கிடையாது. நம் வீடுகளில் கொம்பியூட்டர் மேசை அண்ணாவின் உயரத்துக்கு இருக்கும், கதிரை பிளாஸ்டிக் கதிரை, பிள்ளை தோளை உயர்த்திக்கொண்டு நாடி அளவில் இருக்கிற கீபோர்டை அடிக்கும். கதிரையில் தலையணையோ மடித்த பாயோ வைத்து, முழங்கை விசைகளின் மட்டத்துக்கு வருகிற மாதிரி உயர்த்துங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். கால் தொங்குகிற பிள்ளை இரண்டு நிமிடத்தில் நெளியத் தொடங்கும், நாம் அதைக் கவனக்குறைவு என்று திட்டுவோம்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். எந்தக் கீபோர்ட்? ஆங்கிலமா, தமிழா? தமிழ் என்றால் எந்தத் தமிழ்?

தமிழுக்கு ஒரே ஒரு வரிசை இருந்திருந்தால் இந்தப் பகுதியே தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்த காலத்திலிருந்து, இருநூற்றுச் சொச்ச எழுத்தை நாற்பத்துச் சொச்ச விசைக்குள் எப்படி அடக்குவது என்பதே பிரச்சினை. டைப்ரைட்டர் வரிசைகள் வந்தன. கொம்பியூட்டர் வந்ததும் அதே வரிசையை ஒட்டி எழுத்துருக்கள் வந்தன. இலங்கையில் அப்படிப் பரவியது பாமினி. இலங்கை அரசு தரமாக எடுத்துக்கொண்டது ரெங்கநாதன் விசைப்பலகை, 2008-இல் வந்த எஸ்எல்எஸ் 1326 தரத்தில் அது இருக்கிறது, அதுவும் டைப்ரைட்டர் வழி வந்ததுதான். இந்தியப் பக்கத்தில் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 வந்தது. இவற்றோடு ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற முறையும் இருக்கிறது, போனில் அநேகமானோர் பாவிப்பது அதைத்தான்.

கிளாசுக்கோ தெரிந்த அச்சகத்துக்கோ பிள்ளையை விட்டால் பெரும்பாலும் பாமினிதான் பழக்குவார்கள், ஏனென்றால் கலியாணக் கார்ட்டும் நோட்டீசும் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. பாமினி ஒரு பழைய ஏற்பாடு, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால், அல்லது பிரதியெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை தெரியும். யூனிகோட் என்பது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, அதில் அந்தத் தொல்லை இல்லை. விசை வரிசை வேறு, எழுத்துக் குறியீடு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் பாமினி வரிசையில் அடித்தே யூனிகோட் எழுதலாம். ஆகவே ஏற்கனவே பாமினி கைவந்த பெரியவர்கள் பயந்து வரிசையை மாற்றத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிற பிள்ளையின் கதை வேறு.

ஆங்கில எழுத்து வழி தமிழ் எழுதுகிற முறையைத்தான் நான் பிள்ளைகளுக்கு முதலில் தவிர்க்கச் சொல்வேன். நமது பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் முறையான பாடமாகத் தரம் 3-இல்தான் தொடங்குகிறது, அதற்கு முதல் பேச்சுப் பயிற்சி மட்டும்தான். ஆங்கில எழுத்தின் ஒலியே பிடிபடாத பிள்ளையிடம் தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் உடைக்கச் சொல்கிறோம். ந, ன, ண மூன்றுக்கும், ல, ள, ழ மூன்றுக்கும் எந்த எழுத்து, எங்கே பெரிய எழுத்து என்று யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் நாலு சொல்லைக் காட்டும், பிள்ளை முதலாவதைத் தட்டும். எழுத்துப் பிழை திருந்த வேண்டிய வயதில் பிழையைக் கண்டுபிடிக்கிற வேலையை மெஷினிடம் கொடுத்துவிடுகிறோம்.

என் தேர்வு தமிழ் 99. அரசாங்க வேலை, அச்சக வேலை என்று குறிவைக்கிறவர்கள் ரெங்கநாதன் பழகுவதில் நியாயம் இருக்கிறது, எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. தமிழ் 99-இல் உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்துப் பெரும்பாலும் வலது கைக்கு. த அடித்து இ அடித்தால் தி. பிள்ளை கொப்பியில் படித்த உயிர்மெய்யும் விரல் செய்வதும் ஒன்றாகவே இருக்கின்றன. பாமினியில் ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிக்க வேண்டும், இங்கே அந்தக் குழப்பம் கிடையாது. ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ம-வுக்குப் பிறகு ப, ந-வுக்குப் பிறகு த, ண-வுக்குப் பிறகு ட என்று இன எழுத்து வந்தாலும் அப்படித்தான்.

எண்ணிப் பார்ப்போம். "மட்டக்களப்பு" என்று எழுதத் தமிழ் 99-இல் ஒன்பது தட்டு: ம, ட, ட, க, க, ள, ப, ப, உ. புள்ளி விசையைத் தொடவே தேவையில்லை. பாமினியில் புள்ளிகளோடு பதினொன்று, கடைசிப் பு-வுக்கு ஷிஃப்டும் பிடிக்க வேண்டும். ஆங்கில எழுத்து வழி போனால் பதின்மூன்று. "அம்பாறை" தமிழ் 99-இல் ஆறே தட்டு.

இதைவிடப் பெரிய லாபம் முதல் நாளிலேயே தெரியும். விரல்கள் நிற்கிற நடு வரிசையில் இடது கைக்கு அ, இ, உ, புள்ளி, வலது கைக்கு ப, ம, த, ந. விரலை எங்கும் நகர்த்தாமல் இந்த எட்டு விசையால் மட்டும் என்னென்ன எழுதலாம் தெரியுமா? அது, இது, பந்து, தம்பி, தும்பி, அப்பம், மதம், பதம், அந்தி, தந்தி, புதிது. "இது அப்பம்" என்று முதல் வாரத்திலேயே ஒரு முழு வசனம் எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் இதே வரிசையில் பழகினால் பிள்ளைக்குப் பொருள் தெரியாத நாலைந்து சொல்லும் ஒரு அரைப்புள்ளியும்தான் கிடைக்கும். அடுத்த வாரம் மேல் வரிசையில் ஆ-வைச் சேர்த்தால் அம்மா, அப்பா, உம்மா. கீழ் வரிசையில் வ-வைச் சேர்த்தால் வாப்பாவும் வந்துவிடுவார். எல்லாமே இரட்டை மெய், எல்லாவற்றுக்கும் புள்ளி தானாக விழும். பிள்ளை அதைக் கண்டு சிரிக்கும், நானும் முதலில் சிரித்தேன்.

குறையும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. அடிக்கடி வருகிற ந-வும் ய-வும் வலது சுண்டுவிரலுக்கு விழுந்திருக்கின்றன, சின்னக் கைக்கு அது பாரம்தான். ஸ, ஷ, ஜ, ஹ நாலும் மேல் வரிசையில் ஷிஃப்டைப் பிடித்து அடிக்க வேண்டியவை. மதுரைக்காரருக்கு இது எப்போதாவது வருகிற தேவை, காத்தான்குடி, ஏறாவூர், நிந்தவூர் பிள்ளைக்கோ சொந்தப் பெயரின் முதல் எழுத்தே அதுவாக இருக்கும். எந்தப் பிள்ளைக்கும் முதல் ஆசை தன் பெயரை எழுதிப் பார்ப்பது. "ஹஸ்னா" என்ற பெயருக்கு இரண்டு முறை ஷிஃப்ட் வரும். அதனால் பெயரை மட்டும் விதிவிலக்காக முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், எந்த விரலால் அடித்தாலும் பரவாயில்லை, மற்றவை வரிசைப்படி வரட்டும்.

விண்டோஸ் 11-இல் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். பழைய விண்டோஸ் என்றால் மேலே சொன்ன இலவச மென்பொருள்கள். கீபோர்டில் தமிழ் எழுத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும், வாங்காதீர்கள். எழுத்து விசையில் இருந்தால் கண் அங்கேதான் போகும். வரிசையை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில், திரைக்கு மேலே ஒட்டுங்கள். பிள்ளை நிமிர்ந்து பார்க்கட்டும், குனிந்து பார்க்கக்கூடாது.

கையை மறைக்கத் துவாய் ஒன்று போதும். கீபோர்டையும் கையையும் சேர்த்து மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். எஃப் விசையிலும் ஜே விசையிலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், ஆட்காட்டி விரல்கள் அதைத் தடவிப் பிடித்தால் மற்ற விரல்கள் தானாக இடத்துக்கு வரும். துவாய்க்குள்ளே அதைத் தேடுவதே முதல் இரண்டு மூன்று நாளைக்குப் பிள்ளைக்கு விளையாட்டு. முதல் நாளே துவாய் போட வேண்டாம், விசைகளின் இடம் கொஞ்சம் பிடிபட்டதும் போடலாம், பத்து நிமிடத்தில் பாதிக்கு மட்டும். அழித்துத் திருத்துகிற விசையையும் ஆரம்பத்தில் தொட விடாதீர்கள். பிழை விழுந்தால் கிடக்கட்டும், வரி முடிந்த பிறகு பிள்ளையே எண்ணிச் சொல்லட்டும். வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று காட்டுகிற எண்ணைப் பார்த்ததும் பிள்ளை கண்ணைக் கீழே இறக்கி இரண்டு விரலுக்குத் திரும்பிவிடும், அதுதான் உடனடி வேகம் என்று அதற்கும் தெரியும். அண்ணாவின் வேகத்தோடு ஒப்பிடுவதை என்னவென்று சொல்ல, அதை நம் வீடுகளில் நிறுத்துவது கஷ்டம், முயன்று பாருங்கள்.

பெற்றோருக்கு டைப்பிங் தெரியாது என்பது இதில் ஒரு தடையே இல்லை. கிளாசில் ஒரு சேருக்கு முன்னால் பதினைந்து பிள்ளைகள், யார் குனிந்து பார்க்கிறது, யார் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு இருக்கிறது என்று அவர் எப்படிப் பார்ப்பார்? வீட்டில் ஒரு ஆள் ஒரு பிள்ளையைப் பார்த்தால் போதும். கண் எங்கே போகிறது என்று பார்க்கத் தொழில்நுட்ப அறிவு வேண்டாம். அப்புறம் நம்மிடம் ஒரு நல்ல கருவி ஏற்கனவே இருக்கிறது, சொல்வதெழுதல். பள்ளிக்கூடத்தில் கொப்பியில் செய்வதை இங்கே விசையில் செய்கிறோம், அவ்வளவுதான். தாளைப் பார்த்து அடிக்கும்போது கண் தாளுக்கும் திரைக்கும் கைக்கும் அலையும். காதால் கேட்டு அடிக்கும்போது கண்ணுக்கு வேலை திரையில் மட்டும். சோறு வடிக்கிற இடத்திலிருந்தே அம்மா சொல்லைச் சொல்லலாம். அம்மம்மாவுக்கு நாட்டார் பாட்டோ கவியோ தெரிந்தால் ஒரு நாளைக்கு இரண்டு வரி சொல்லச் சொல்லுங்கள். எழுத்தே தெரியாத மூத்தவர்களும் இந்தப் பாடத்தில் ஆசிரியராகலாம்.

சாமான் விஷயம் சுருக்கமாக. லப்டொப் இல்லாத வீட்டில் போனே போதும். ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டும், அதைப் போனில் செருக உதவுகிற ஓடிஜி இணைப்பும் வாங்கினால் பெரும்பாலான அண்ட்ரொய்ட் போன்களில் வேலை செய்யும், குறைந்தது ஆங்கில வரிசைப் பயிற்சிக்கு. லப்டொப் இருந்தாலும் தனிக் கீபோர்ட் ஒன்று பிள்ளைக்கு நல்லது, தேத்தண்ணீர் கொட்டினால் போவது அது மட்டும்தான். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும் மண்ணும் விசைக்குள்ளே போகும், பாவிக்காத நேரம் துணியால் மூடி வையுங்கள், துவாய்க்கு இரண்டாவது வேலை. டக்ஸ் டைப்பிங், ஜிகொம்ப்ரீ, கிளவாரோ மூன்றும் இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா தேவையில்லை. டக்ஸ் டைப்பிங்கில் எழுத்தோடு விழுகிற மீனைப் பென்குயின் தின்னும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், ஆனால் அவசரத்தில் இரண்டு விரலுக்குப் போய்விடுவார்கள், ஆகவே பயிற்சி முடிந்த பிறகு பரிசாக மட்டும் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தை எப்போது சேர்ப்பது? தமிழில் கண் கீழே போகாமல் ஒரு சின்ன வசனம் வரத் தொடங்கியதும் சேர்க்கலாம். விரல் நிற்கிற இடமும் எந்த விரலுக்கு எந்த விசை என்பதும் ஏற்கனவே பழகியவை, எழுத்தின் பெயர் மட்டும்தான் புதிது. ஒரே நாளில் இரண்டையும் கலக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

ஆங்கிலம் சேர்க்கிற இந்தக் காலத்தில்தான் வழக்கமாகப் புலமைப்பரிசில் வருடம் வந்து நிற்கும். "இப்ப ஸ்கொலர்ஷிப் படிக்குது, மறுகா பார்ப்பம்" என்று எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். தரம் 5-இல் பிள்ளைக்கு ஏற்கனவே பள்ளிக்கூடம், டியூசன், மாதிரி வினாத்தாள் என்று மூச்சுவிட நேரமில்லை, அதற்கு மேல் இன்னொரு பாடம் வைக்க நானும் சொல்லமாட்டேன். ஆனால் முழுதாக விட்டால் விரல் பழைய இரண்டு விரலுக்குப் போகும். பயிற்சியை நிறுத்திவிட்டு வேலை கொடுங்கள். கடைச் சிட்டையை டைப் பண்ணச் சொல்லலாம், கட்டாரில் இருக்கிற வாப்பாவுக்கு, சவூதியில் இருக்கிற மாமாவுக்கு வாரத்துக்கு ஒரு நாலு வரி எழுதச் சொல்லலாம். பென்சிலால் எழுதுவதைவிட விசையில் எழுதுவது பிள்ளைக்கே சுகமாகப்படும் நாள் வந்துவிட்டால், பயிற்சி மென்பொருளை அழித்துவிடலாம்.